75 என்று பொறித்திருந்த கிறிஸ்டல்

ஞாயிறு காலை பசியாறிவிட்டு பினாங்கின் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன். பழைய வானொலிச் சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்தவரிடம் ஐந்து வெள்ளிக்கு ஒரு சின்ன உலோகக் கூடு வாங்கினேன். உள்ளே இருப்பது கிறிஸ்டல், மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய மாறாத அதிர்வெண்ணில் அதிரும் குவார்ட்ஸ் துண்டு. மேலே 10 மெகாஹெர்ட்ஸ் என்றும், அதன் கீழே 75 டிகிரி என்றும் பொறித்திருந்தது. அந்த 75க்காகத்தான் வாங்கினேன்.

சாதாரணக் கிறிஸ்டலில் அதிர்வெண் மட்டும்தான் இருக்கும். வெப்பநிலையும் சேர்த்துப் பொறித்திருந்தால், அது ஓவனுக்குள், அதாவது எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கும் சின்னப் பெட்டிக்குள், வைப்பதற்கென்றே வெட்டப்பட்டது. குவார்ட்ஸை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் சூட்டில் அதன் நடத்தை. 1934இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் வெளியிட்ட ஏடி வெட்டு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதன் அதிர்வெண்ணை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் கோடு ஒரு மேட்டைத் தொட்டு, அறை வெப்பத்தில் இறங்கி, ஒரு பள்ளத்தில் திரும்பி, மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தின் அடியில் கிறிஸ்டலை நிறுத்திவிட்டால், சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதிர்வெண் ஏறக்குறைய அசையாது. இதைத் திரும்புமுனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

எதற்கு 75? நம் ஊரில் இந்தக் கேள்வி முக்கியம். ஓவனால் சூடாக்க மட்டும்தான் முடியும், குளிர்விக்க முடியாது. ஜெலுத்தோங்கில் என் வீடு அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருக்கிறது. பிற்பகலில் அறை 33 டிகிரி. கருவிப் பெட்டிக்குள் மின்மாற்றியும் சேர்ந்து 43, 44 வரை ஏறும். 50 டிகிரி அருகே திரும்பும் மலிவான கிறிஸ்டல்கள் என்னிடம் நிறைய உண்டு. குளிர்நாட்டில் அவை போதும். இங்கே ஹீட்டர் கிட்டத்தட்ட அணைந்தே கிடக்கும், கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஹீட்டருக்கு வேலை மிச்சம் இருக்க வேண்டும். 75இல் அந்த இடைவெளி தாராளமாகக் கிடைக்கிறது.

எனக்கு வேண்டியது என் பட்டறை மேசையில் உள்ள அதிர்வெண் எண்ணிக்கு ஒரு நம்பகமான 10 மெகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் வானொலி செய்யும் நண்பரும் அவ்வப்போது இரவல் கேட்கிறார். 10 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும்போது பில்லியனில் ஒரு பங்கு தவறினாலே 10 ஹெர்ட்ஸ் விலகிவிடும்.

முதல் கட்டுமானம் எளிமையானது. 40க்கு 40க்கு 20 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டி ஒன்று, அதில் கிறிஸ்டல் நுழைய ஒரு பள்ளம். கட்டியின் எடை 86 கிராம், ஒரு டிகிரி ஏற்ற சுமார் 77 ஜூல் வேண்டும். ஹீட்டருக்கு ரெசிஸ்டர் போடவில்லை, டிஐபி31 டிரான்சிஸ்டரையே கட்டியில் திருகினேன். ரெசிஸ்டரில் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் குறைந்த சூட்டில் சுற்று சோம்பலாகவும் அதிக சூட்டில் துடுக்காகவும் நடந்துகொள்ளும். டிரான்சிஸ்டரை 12 வோல்ட்டில் மாறும் மின்னோட்டத்தில் ஓட்டினால் சூடு மின்னோட்டத்தோடு நேராக ஏறி இறங்கும், எந்த இடத்திலும் ஒரே குணம். அதன் உலோக முதுகு 12 வோல்ட்டில் இருக்கும் என்பதால் இடையில் மைக்காத் தகடு வேண்டும். உச்ச மின்னோட்டத்தை அரை ஆம்பியரில் நிறுத்தினேன். ஆறு வாட், 30 டிகிரியிலிருந்து 75க்கு ஏற பதினொரு நிமிடம்.

ஹீட்டரை அணைத்து எரிய விடும் முறையையும், படபடவென்று விட்டுவிட்டு ஓட்டும் துடிப்பு முறையையும் தொடவே இல்லை. அந்தத் துடிப்பு எப்படியாவது கிறிஸ்டலின் வெளியீட்டில் இரைச்சலாக வந்து சேரும்.

வெப்பக் காப்புக்கு மீன் சந்தையில் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை பாலிஸ்டைரீன் பெட்டியை 20 மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டிப் போட்டேன். சூட்டை உணர முப்பரிமாண அச்சுப்பொறிக்கு விற்கும் கண்ணாடி மணி தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், 25 டிகிரியில் 100 கிலோ ஓம். அதன் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்க ஒரு எல்எம்358 சில்லு. கட்டியையும் வெளியையும் இணைக்க ஆறு டெலிபோன் கம்பிகள்.

கூடவே ஒரு தெர்மல் ஃபியூஸ். டிரான்சிஸ்டர் குறுக்குச்சுற்றாகிப் போனால் எதுவும் சூட்டைத் தடுக்காது, ஆகவே இது இல்லாமல் ஓவன் செய்யக் கூடாது. பழுதுபார்க்கும் கடை முதலாளி, தவுக்கே, முதலில் சோற்றுப் பானைக்குப் போடும் ஃபியூஸைக் கொடுத்தார். அது 170 டிகிரிக்கு மேல்தான் அறும், அதற்குள் பெட்டியே உருகிவிடும். 100 டிகிரிக்கு அருகே அறுவதைத் தேடி வாங்கினேன். அதன் காலில் ஈயம் பற்றவைக்கும்போது இடுக்கியால் கவ்விப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றவைக்கும் சூட்டிலேயே அறுந்து போகும்.

முதல் இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்கள் அவை. பினாங்கில் அந்தச் சமயம் மாலை மழை அடிக்கடி வரும். மூன்றாம் நாள் நான்கு மணிக்கு வானம் இருண்டு கொட்டியது. அரை மணி நேரத்தில் அறை 33இலிருந்து 25க்கு இறங்கியது. அதிர்வெண்ணும் பில்லியனில் ஆறேழு பங்கு நகர்ந்தது.

அதை அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ஜிபிஎஸ் வழி நேராக்கிக்கொள்ளும் 10 மெகாஹெர்ட்ஸ் மூலம் ஒன்று என்னிடம் உண்டு. அதையும் என் ஓவனின் வெளியீட்டையும் ஒரு 74ஏசி86 சில்லில் ஒரு தர்க்க வாயிலின் இரு உள்ளீட்டுக் கால்களுக்கும் கொடுத்தேன். இரண்டு அலைகளுக்கும் இடையிலுள்ள கட்ட வித்தியாசம் சராசரி மின்னழுத்தமாக வெளியே வரும். 50 நானோ விநாடிக்கு 5 வோல்ட், அதாவது ஒரு நானோ விநாடிக்கு 0.1 வோல்ட். இரண்டும் பில்லியனில் ஒரு பங்கு வேறுபட்டால் விநாடிக்கு ஒரு நானோ விநாடி விலகும், மீட்டர் முள் விநாடிக்கு 0.1 வோல்ட் நகரும். வெறும் மல்டிமீட்டரால் இவ்வளவு நுணுக்கம் கிடைப்பதை முதன்முதலில் பார்த்தபோது மனம் நிறைந்துபோனது. ஒரு எச்சரிக்கை: பூமத்திய ரேகைப் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் கலங்கி ஜிபிஎஸ் குறிப்புகள் துடிக்கும். நான் அளவு எடுப்பது பகலிலும் மாலை மழை நேரத்திலும் மட்டும்.

சரி, ஆறேழு பங்கு. என் முதல் சந்தேகம் கட்டுப்பாட்டுச் சுற்றின் மேல். பெருக்கத்தைக் கூட்டினேன், சூடு சிறிது மாறினாலும் ஹீட்டர் பலமாகப் பதில் சொல்லட்டும் என்று. ஹீட்டர் மின்னோட்டம் 25 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடத் தொடங்கியது. டிரான்சிஸ்டரில் கிளம்பும் சூடு தெர்மிஸ்டருக்கு வந்து சேர நேரம் ஆகிறது. அதற்குள் சுற்று அவசரப்பட்டு இன்னும் சூட்டைக் கொட்டிவிடுகிறது. சரி என்று தெர்மிஸ்டரை டிரான்சிஸ்டருக்கு ஒட்டி நகர்த்தினேன். ஊசலாட்டம் நின்றது. பெருக்கத்தைப் பத்து மடங்கு கூட்ட முடிந்தது. தெர்மிஸ்டரின் அளவு கல்லில் பொறித்தது போல் நின்றது.

அடுத்த மழையில் அதிர்வெண் முன்னைவிட மோசமாக நகர்ந்தது.

என் தாய்மாமா பாயான் லெப்பாஸில் அளவைக் கருவி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். 1972இல் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கிய காலத்துத் தலைமுறை. பட்டர்வொர்த்தில் அவர் வீட்டுக்குப் போய், காகிதத்தில் எழுதி வைத்த அளவுகளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெர்மிஸ்டர் சொல்றத ஏன்டா நம்புற? அது தன் இடத்துச் சூட்டத்தான் சொல்லும். கிறிஸ்டல் இருக்கிற இடத்துச் சூட்ட யாரு சொல்லுவா?"

"அங்க இன்னொரு தெர்மிஸ்டர் வைக்கவா மாமா?"

"எதுக்கு? கிறிஸ்டலே தெர்மாமீட்டர்தானே. 75ல வச்சா அது பேசாது. 70ல வச்சுப் பாரு, எல்லாத்தையும் சொல்லிடும்."

திரும்புமுனையில் கிறிஸ்டல் சூட்டுக்கு அசையாது. அதுதான் அதன் நல்ல குணம். ஆனால் ஓவனைச் சரிசெய்யும் வேலைக்கு அதே குணம் குறைகளை மூடி மறைக்கிறது. வேண்டுமென்றே திரும்புமுனையை விட்டு ஐந்தாறு டிகிரி தள்ளி நிறுத்தினால் கோடு அங்கே செங்குத்தாக இறங்குகிறது. என் கிறிஸ்டலுக்கு 70இல் ஒரு டிகிரிக்குப் பில்லியனில் 190 பங்கு. ஒரு மில்லிடிகிரி அசைந்தாலும் 0.19 பங்கு நகரும், என் மீட்டரில் அது நன்றாகத் தெரியும். ஓவனை முதலில் 70இல் திருத்திவிட்டு, கடைசியில்தான் திரும்புமுனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் நான் இன்னும் இருட்டில் துழாவிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு பயனும் உண்டு. சூட்டால் வரும் நகர்வு 70இல் பெரிதாகவும் திரும்புமுனையில் சிறிதாகவும் இருக்கும். மின்சாரக் கோளாறால் வரும் நகர்வு இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க வழி கிடைத்துவிட்டது.

70இல் வைத்து முதல் மழையைப் பார்த்தேன். வெளியே எட்டு டிகிரி இறங்கியதற்குக் கிறிஸ்டல் பல பத்து மில்லிடிகிரி இறங்கியிருந்தது. தெர்மிஸ்டரோ ஒன்றும் நடக்காதது போல் இருந்தது. ஹீட்டர் ஒரு மூலையில், தெர்மிஸ்டர் அதன் மடியில், கிறிஸ்டல் மறு மூலையில். குளிர் கூடினால் ஹீட்டர் அதிகம் எரிகிறது. அதிகச் சூடு கட்டி வழியே பாய்ந்து மறுபக்கத்தில் கசிகிறது. பாய்ச்சல் கூடினால் இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசமும் கூடுகிறது. தெர்மிஸ்டரை ஹீட்டருக்கு நெருக்கியது சுற்றைச் சாந்தப்படுத்தியது, கிறிஸ்டலைக் கைவிட்டது.

கசிவைக் குறைப்பது முதல் வேலை. எங்கே கசிகிறது என்று கணக்குப் போட்டபோது கம்பிகளைக் கண்டு திகைத்தேன். அரை மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, ஐந்து சென்டிமீட்டர் நீளம்: ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.6 மில்லிவாட் கடத்தும். ஆறு கம்பிக்கு ஒன்பதரை மில்லிவாட். சுற்றியிருந்த பாலிஸ்டைரீன் முழுவதும் சேர்ந்து கடத்துவதே 25தான். மொத்தக் கசிவில் கால் பங்குக்கு மேல் ஆறு கம்பியில் போய்க்கொண்டிருந்தது. அதிலும் இரண்டு கம்பிகள் நேராகக் கிறிஸ்டலின் காலில் முடிந்தன. வெளிக் குளிரை நானே கையால் எடுத்துக் கிறிஸ்டலுக்கு ஊட்டியது போல.

பழைய ரிலே ஒன்றின் சுருளைப் பிரித்து 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி எடுத்தேன். குறுக்குப் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, கசிவும் இருபத்தைந்தில் ஒன்று. ஹீட்டருக்கு மட்டும் 0.25 மில்லிமீட்டர். ஒவ்வொரு கம்பியையும் உள்ளே விடுவதற்கு முன் கட்டியின் பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி எப்பாக்சியால் ஒட்டினேன். கம்பி கொண்டுவரும் குளிரைக் கட்டி வாங்கிக்கொள்ளட்டும், கிறிஸ்டலுக்குப் போக வேண்டாம்.

மீன் பெட்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் பட்ட இடத்தில் பாலிஸ்டைரீன் சுருங்கி ஒரு குழி விழுந்திருந்தது. 75 டிகிரி அதன் தாங்கும் எல்லைக்கு அருகில், டிரான்சிஸ்டரின் முதுகு அதற்கும் மேலே. பிறை நகரில் குளிர்பதன அறை கட்டும் வேலையில் இருக்கும் மச்சானிடம் வெட்டி மிஞ்சிய பாலியூரித்தேன் பலகைத் துண்டுகள் கேட்டு வாங்கினேன். காப்புத் திறனும் அதற்கு அதிகம். இரண்டு மாற்றமும் சேர்ந்து, 30 டிகிரி அறையில் ஹீட்டர் மின்னோட்டம் 130 மில்லிஆம்பியரிலிருந்து 73க்கு இறங்கியது. இந்த எண்ணைத் தினமும் பார்ப்பேன். ஓவனின் உடல்நிலை அதில் தெரியும்.

வெளியே ஒரு மூடிய அலுமினியப் பெட்டி. அதற்கு முன் அறைக் காற்றாடியை இரண்டிலிருந்து நான்குக்கு வைத்தாலே ஹீட்டர் மின்னோட்டம் மூன்று மில்லிஆம்பியர் ஏறும்.

அப்புறம் கட்டியின் உள்ளமைப்பு. ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டேன், எதிரெதிர்ப் பக்கங்களில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எமிட்டர் ரெசிஸ்டர், அப்போதுதான் சுமையைச் சமமாகப் பகிரும். தெர்மிஸ்டருக்கு ஹீட்டருக்கும் கிறிஸ்டலுக்கும் நடுவே துளை போட்டேன், கிறிஸ்டல் பக்கம் கொஞ்சம் சாய்த்து. சுற்றின் வேகம் குறைந்தது. பரவாயில்லை, இந்தக் கட்டியின் நேர மாறிலி, அதாவது தானாகச் சூடு மாற எடுக்கும் நேரம், ஒரு மணி நேரத்துக்கும் மேல், யாருக்கும் அவசரமில்லை. குறைந்த பெருக்கத்தால் வரும் நிலைப் பிழையை, பிழையைச் சேர்த்துக்கொண்டே போய்த் திருத்தும் தொகைப்படுத்தும் பகுதி பார்த்துக்கொள்ளும். 4.7 மெகா ஓம், 10 மைக்ரோ ஃபாரட். மின்தேக்கி பாலியஸ்டர் ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும், எலெக்ட்ரோலிட்டிக் போட்டால் அதன் கசிவே சுற்றை இழுத்துக்கொண்டு போகும்.

தொகைப்படுத்தும் பகுதியில் ஒரு தொல்லை. குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும்போது பதினொரு நிமிடமும் அது நிரம்பிக்கொண்டே இருக்கும். 75 வந்த பிறகும் அடங்காமல் 84 வரை ஏறிவிட்டது. இறங்குவதற்குக் கசிவைத் தவிர வழியில்லை, இருபது நிமிடம் காத்திருந்தேன். காப்பு நன்றாக அமைய அமைய இந்தக் காத்திருப்பு நீளும். ஒரு 4066 சுவிட்சை மின்தேக்கியின் குறுக்கே வைத்து, குறித்த சூட்டுக்கு ஒரு டிகிரி நெருங்கும்வரை அதைக் காலியாகவே பிடித்து வைத்தேன். இப்போது 76ஐக்கூடத் தொடாமல் வந்து உட்காருகிறது.

இவ்வளவும் ஆன பிறகும் மழையில் நகர்வு இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அது சூட்டோடு ஒத்துப் போகவில்லை. மழை நின்று அறை மறுபடி சூடான பிறகும் இரண்டு மணி நேரம் விலகியே இருந்தது. குளிரூட்டி போட்டு அறையை அதே 25க்கு இறக்கிப் பார்த்தேன், விலகவே இல்லை. மழைக்கும் குளிரூட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று ஈரத்தைக் கொண்டுவருகிறது, மற்றது எடுத்துவிடுகிறது.

பெட்டியைத் திறந்து பெருக்கிப் பலகைமேல் வாயால் மெல்ல ஊதினேன். மீட்டர் உடனே ஓடத் தொடங்கியது.

100 கிலோ ஓம் தெர்மிஸ்டர் 75 டிகிரியில் சுமார் 15 கிலோ ஓம் ஆகிறது. பற்றவைத்தபோது படிந்த ஃபிளக்ஸ் பசை ஈரத்தை உறிஞ்சி, இரண்டு புள்ளிகளுக்கு இடையே 10 மெகா ஓம் கசிவு உண்டானால்கூட அது 0.15 சதவீதம். தெர்மிஸ்டர் டிகிரிக்கு 3.3 சதவீதம் மாறுகிறது. ஆக அந்தக் கசிவு 46 மில்லிடிகிரியாகத் தெரியும். சுற்று தன் கடமையை ஒழுங்காகத்தான் செய்தது, பொய்யான அளவை நம்பிச் செய்தது. 10 கிலோ ஓம் வகைக்கு மாறினேன். 75இல் அது ஒன்றரை கிலோ ஓம், அதே கசிவின் பாதிப்பு பத்தில் ஒன்று. பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை கழுவி, வெயிலில் காய வைத்து, மேலே காப்பு வார்னிஷ் பூசினேன். நம் ஊர் ஈரத்தில் இது அலங்காரம் இல்லை, சுற்றின் ஒரு பாகம்.

மின்தடை மதிப்பைக் குறைத்தால் தெர்மிஸ்டர் தன் மின்னோட்டத்தாலேயே சூடாகும் என்பதையும் பார்க்க வேண்டும். தெர்மிஸ்டரை மற்ற ரெசிஸ்டர்களோடு ஒப்பிடும் பாலச் சுற்றுக்கு 2.5 வோல்ட் கொடுத்தால் மணியில் ஒரு மில்லிவாட், காற்றில் தொங்கினால் அரை டிகிரிக்கு மேல் தானே ஏறும். 1 வோல்ட்டுக்கு இறக்கினேன், 0.17 மில்லிவாட். ஆனால் மில்லிடிகிரிக்குக் கிடைப்பதும் 8 மைக்ரோவோல்ட்டாகக் குறைந்தது. எல்எம்358 தன் சூடு ஒரு டிகிரி மாறினால் தானே 7 மைக்ரோவோல்ட் போல நகரும். அதாவது வெளியே எட்டு டிகிரி மாறினால் ஏழு மில்லிடிகிரி பொய். அதை எடுத்துவிட்டு நகர்வில்லாத வகை ஓபிஏ2188 போட்டேன். பாலத்தின் மற்ற ரெசிஸ்டர்களும் இப்படித்தான். டிகிரிக்கு 100 பிபிஎம் (மில்லியனில் 100 பங்கு) மாறும் சாதாரண மெட்டல் ஃபிலிமை வெளியே வைத்தால், பத்து டிகிரிக்கு 30 மில்லிடிகிரி தவறும். விலை கூடிய ரெசிஸ்டர் தேடி அலையவில்லை, அவற்றையும் கட்டியில் ஒட்டிவிட்டேன். எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதற்குச் சூட்டுக் குணம் ஒரு பொருட்டில்லை. பாலம் விகிதத்தைத்தான் பார்க்கிறது என்பதால் 1 வோல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் சமநிலை மாறாது.

மறுபடி 70இல் வைத்து மழைக்குக் காத்திருந்தேன். எட்டு டிகிரி வீழ்ச்சிக்கு நகர்வு பில்லியனில் 0.7. அதைத் திரும்புமுனைக்கு மாற்றினால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும். மாற்றிப் பார்த்தேன். 0.2 மிச்சம் நின்றது. மாமா சொன்ன 70ஆல் கிடைத்த பிரிவினை இங்கே கைகொடுத்தது. சூட்டால் வராத ஒன்று உள்ளே இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு சோதனை. வெளியே மேசைமேல் ஒரு பவர் ரெசிஸ்டர், அதை ஹீட்டரின் அதே தரைக் கம்பியில் இணைத்து 100 மில்லிஆம்பியர் இழுக்க வைத்தேன். ஓவனுக்குள் ஒரு சொட்டுச் சூடும் போகாது. இணைத்த அந்த நொடியே மீட்டர் ஓட ஆரம்பித்தது, பில்லியனில் ஒன்றுக்கு மேல். எடுத்தால் நின்றது. நேர மாறிலி ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ள கட்டியில் சூடு இப்படி நொடியில் வேலை செய்யாது.

அதிர்வெண்ணை நுணுக்கமாகத் திருத்த ஒரு வராக்டர் டையோடு உண்டு, அதன் மின்னழுத்தம் ஒரு வோல்ட் மாறினால் பில்லியனில் 300 பங்கு நகரும். அந்த மின்னழுத்தத்தின் தரையும் ஹீட்டரின் தரையும் ஒரே கம்பியில் வெளியே போயின. கனெக்டர் முள்ளோடு சேர்த்து அந்தக் கம்பி 40 மில்லி ஓம். மழையில் ஹீட்டர் 13 மில்லிஆம்பியர் அதிகம் இழுத்தால் அரை மில்லிவோல்ட் கூடுகிறது. அரை மில்லிவோல்ட்டுக்கு 0.15 பங்கு. கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இந்தக் கோளாறு எவ்வளவு வேடதாரி என்று பாருங்கள். வெளியே குளிர்ந்தால் அதிர்வெண் நகர்கிறது, சூடேறினால் திரும்புகிறது. யார் பார்த்தாலும் காப்பு போதவில்லை என்றுதான் சொல்வார்கள். இன்னும் நுரை சுற்றியிருந்தால் கொஞ்சம் குறைந்தும் இருக்கும், ஏனென்றால் ஹீட்டர் மின்னோட்டம் குறையும். தவறான மருந்து பாதி வேலை செய்வது போன்ற ஆபத்து வேறில்லை. ஹீட்டருக்கு மின்வழங்கி வரை தனித் தரைக் கம்பி இழுத்தேன். வராக்டரின் மின்னழுத்தத்தையும் அதன் தரையையும் கட்டியில் உள்ள ஆஸிலேட்டர் (கிறிஸ்டலை அதிர வைக்கும் சுற்று) பலகையிலேயே தொடங்கி அங்கேயே முடித்தேன். பவர் ரெசிஸ்டரைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை.

கடைசி வேலை திரும்புமுனையைத் தேடுவது. கூட்டின்மேல் 75 என்று இருந்தாலும், என் தெர்மிஸ்டர் சொல்லும் 75 உண்மையான 75 ஆக இருக்க வேண்டியதில்லை. தெர்மிஸ்டரின் பண்பெண்ணில் ஒரு சதவீதத் தவறே அங்கே அரை டிகிரிக்கு மேல் ஆகும். கவலை இல்லை, எனக்கு வேண்டியது ஓவனின் சூட்டைக் குறித்து வைக்கும் திருகியின் சரியான இடம். 74இலிருந்து 79 வரை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் நிலைக்க விட்டு அதிர்வெண்ணைக் குறித்தேன். பள்ளத்தின் அடிக்கு மேல் எவ்வளவு என்று ஹெர்ட்ஸில்: 0.92, 0.31, 0.03, 0.06, 0.41, 1.08. நடுவில் ஒரு அழகான கிண்ணம். அதன் அடி என் கணக்கில் 76.4.

இத்தனை நாளும் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு மில்லிடிகிரிக்குப் பில்லியனில் 0.045 பங்கு நகர்வு. அடியிலிருந்து பத்தில் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால் அது 0.003 ஆகிறது. கட்டுப்பாட்டுச் சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு திருகியைச் சரியான இடத்துக்குத் திருப்பியதில் பதினைந்து மடங்கு லாபம். ஓவன் செய்பவர்கள் பெருக்கத்துக்கும் காப்புக்கும் செலவழிக்கும் பொழுதில் ஒரு முழுநாளை இதற்குக் கொடுக்கலாம். அவசரமாகத் தேடக் கூடாது. ஏடி வெட்டு, சூடு வேகமாக மாறும்போது அழுத்தத்தால் தானே கொஞ்சம் நகர்ந்து காட்டும். நிலைக்கும்வரை காத்திருக்காமல் எடுத்த அளவு எல்லாம் பொய்க் கிண்ணத்தைத் தரும். 1970களில் வந்த எஸ்சி வெட்டு அந்த விஷயத்தில் மிகவும் மேல், சந்தையில் அப்படி ஒன்று கிடைத்தால் விட மாட்டேன்.

திருகியை 76.4இல் நிறுத்தி, மேலே ஒரு சொட்டு நகச்சாயம் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் தொடர்ந்து ஓட விட்டேன். கிறிஸ்டலின் வயதால் வரும் நகர்வு இருக்கிறது, நாளுக்குப் பில்லியனில் 0.3 போல, ஒரே திசையில், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே. பல வருடம் அணைந்து கிடந்த கிறிஸ்டல், சில வாரம் ஓடினால் அடங்கும்.

நான்காம் நாள் மாலை பெருமழை. மாமா வந்திருந்தார். ஜன்னலைத் திறந்தே வைத்தோம், குளிரும் ஈரமும் நன்றாக உள்ளே வரட்டும் என்று. ஹீட்டர் மின்னோட்டம் 70இலிருந்து 83க்கு ஏறியது. கட்ட வித்தியாசக் கோட்டில் மழை எங்கே தொடங்கியது என்று இருவரும் தேடினோம். வயதால் வரும் சாய்வு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பெட்டிய மூடிடலாம்டா," என்றார்.